மத்தியதரைக் கடல் க்ரூஸ்: நல்ல கப்பலா, நல்ல வழித்தடமா, எதைப் பார்த்து முடிவு செய்வது?

முதல் முறை என்றால் வழித்தடம்தான். பெரும்பாலும் தினம் ஒரு ஊரில் இறங்குவீர்கள். கப்பலில் எத்தனை நீச்சல்குளம் இருந்தும் குளிக்க நேரம் கிடைக்காது.

ஆனால் அட்டவணையில் ஊர்ப்பெயரை மட்டும் பார்க்காதீர்கள். 'ரோம்' என்றால் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில். ரோம் அங்கிருந்து சுமார் 70 கி.மீ. 'ஃபுளோரன்ஸ்' என்றால் லிவோர்னோ. வெனிஸின் ஜுதெக்கா கால்வாயில் 2021 முதல் பெரிய கப்பல்களுக்குத் தடை (அந்த ஊருக்கு அது நல்லதுதான்). ஆகவே கப்பல் வேறு துறைமுகத்தில் நிற்கலாம். 'வெனிஸ்' என்று போட்டுவிட்டு தள்ளியிருக்கும் ரவென்னாவில் இறக்கினால், பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும். அதனால் துறைமுகத்தின் பெயர், வந்து கிளம்பும் நேரம் இரண்டையும் பாருங்கள்.

கிரேக்கத் தீவான சாந்தோரினிக்குப் போகிறீர்களா? அப்போது கப்பலின் அளவும் முக்கியம். கப்பலிலிருந்து சிறு படகில் கரைக்கு வந்து, உயரத்தில் இருக்கும் ஊருக்குப் பெரும்பாலும் கேபிள் காரில் மேலேற வேண்டும். பெரிய கப்பல் என்றால் வரிசையும் பெரிசு.

சின்னக் குழந்தைகளோடு போகிறீர்கள், அல்லது இந்த ஊர்களை ஏற்கெனவே பார்த்தாயிற்று என்றால், சரி, கப்பலைப் பார்த்தே எடுங்கள்.