போட்டோமேல் வைத்தால் பொருந்துகிறது, திருப்பினால் வேறு ஆளாகத் தெரிகிறது. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் முகம் செதுக்கும்போது எங்கே தவறுகிறேன்?

பெரும்பாலும் தவறு கையில் இருக்காது, கேமராவில் இருக்கும். நம்பர்பேடில் 1-ஐ அழுத்தி, வரும் முன்பக்கத் தோற்றத்தில் போட்டோவை வைத்து, அதன் ஓரத்தை ஒட்டியே மெஷ்ஷை, அதாவது முகத்தின் வலைப்பின்னல் வடிவத்தை, இழுத்துக்கொண்டு போயிருப்பீர்கள். அந்தத் தோற்றம் ஆர்த்தோகிராஃபிக். கிட்டே, தூர என்ற பேதமே அதில் கிடையாது. போட்டோவோ ஏதோ ஒரு தூரத்தில் நின்று எடுத்தது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். மூக்கு நுனியிலிருந்து காது சுமார் 12 செ.மீ. பின்னால் இருக்கிறது. மூக்கிலிருந்து 40 செ.மீ. தூரத்தில் எடுத்த செல்ஃபியில் காது இருப்பது 52 செ.மீ. தூரத்தில். அதாவது மூக்கோடு ஒப்பிட்டால் காது 23 சதவீதம் சிறுத்துப் பதிவாகும். 1.5 மீட்டரில் எடுத்த படத்தில் அந்தக் குறைவு 7 சதவீதம்தான். செல்ஃபியை ஆர்த்தோகிராஃபிக்கில் பொருத்தினால் பருத்த மூக்கும் சிறுத்த காதும் நிஜ அளவாகவே மெஷ்ஷில் ஏறிவிடும். நேரே பார்க்கும்வரை தெரியாது, முக்கால் பக்கம் திருப்பியதும் குட்டு வெளிப்படும்.

ஆகவே பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன் கேமராவை அமையுங்கள். ஒரிஜினல் ஃபைலோடு கேமரா சேமித்துவைக்கும் எக்ஸிஃப் தகவலில் ஃபோகல் லெங்த் (லென்ஸின் குவிய நீளம்) இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் அது போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸ் என்றால் பிளெண்டர் கேமராவிலும் 85, சென்சார் அகலம் 36 மி.மீ. போனில் எடுத்ததென்றால் 35 மி.மீ.க்கு இணையான ஃபோகல் லெங்த் என்று தனியாக ஓர் எண் இருக்கும், அதைப் போடுங்கள். போன் லென்ஸின் சொந்த அளவான 5, 6 மி.மீ.யை 36 மி.மீ. சென்சாரோடு சேர்த்துப் போட்டால் காட்சி கண்டபடி விரிந்துவிடும். ரெண்டர் அளவு போட்டோவின் பிக்சல் அளவோடு ஒத்திருக்க வேண்டும். ஓரம் வெட்டிய படம் வேண்டவே வேண்டாம்: வெட்டியதும் லென்ஸின் மையம் படத்தின் நடுவில் இருக்காது. வேறு வழியில்லையென்றால் கேமராவின் ஷிஃப்ட் எக்ஸ், ஒய் எண்களை மாற்றித்தான் ஒப்பேற்ற வேண்டும்.

அடுத்தது தூரம். இதற்குக் கண்ணே அளவுகோல். கருவிழி வட்டத்தின் விட்டம் பெரியவர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய 11.7 மி.மீ.தான். மேலே இமை மூடியிருக்கும் என்பதால் குறுக்குவாட்டில் அளந்து பாருங்கள். நடுவிலுள்ள பாவையை அல்ல, நிற வட்டம் முழுவதையும். படத்தின் நீளப் பக்கம் 6000 பிக்சல், சென்சாரின் நீளம் 36 மி.மீ. என்றால் ஒரு பிக்சல் 0.006 மி.மீ. கருவிழி 110 பிக்சல் வந்தால் சென்சாரில் அது 0.66 மி.மீ. 85-ஐ 11.7-ஆல் பெருக்கி 0.66-ஆல் வகுத்தால் 1507 மி.மீ., அதாவது கேமரா கண்ணிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்திருக்கிறது. பிளெண்டர் கேமராவையும் அங்கே நிறுத்தி, போட்டோவை அதன் பேக்கிரவுண்ட் இமேஜாகச் சேர்த்து, 'ஃப்ரண்ட்' என்று மாற்றி, ஒபாசிட்டியைக் கூட்டிக் குறைத்து ஒப்பிடுங்கள். கேமராவின் இடத்தைப் பூட்டிவிடுங்கள். தெரியாமல் ஒருமுறை நகர்ந்தாலும் அதற்குப் பின் செய்வதெல்லாம் வீண்.

இந்தக் கணக்கு செல்லுபடியாக, தலை நிஜ அளவில் இருக்க வேண்டும்: உச்சியிலிருந்து தாடைவரை சுமார் 23 செ.மீ., பிளெண்டரில் 0.23 மீட்டர். அளவை மாற்றியதும் கன்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்யுங்கள். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மெஷ் முழுவதையும் ஒரே அளவுச் சதுரங்களாக மறுபடி பின்னும் வாக்ஸல் ரீமெஷ்ஷின் இயல்பு அளவு 0.1 மீட்டர், அப்படியே ரீமெஷ் கொடுத்தால் தலை நாலைந்து சதுரம் கொண்ட கட்டியாகிவிடும். 0.003 வையுங்கள். கன்ன எலும்பு, தாடை மூலை, நெற்றிச் சரிவு, வாய்க்கூடு எல்லாம் சரியாகும்வரை அதைவிட நுணுக்கமாகப் போகவே வேண்டாம். கிராப், கிளே ஸ்ட்ரிப்ஸ், ஸ்மூத் என்ற மூன்று பிரஷ்களே போதும். கேமரா வழியே பார்த்துக் கிராப் செய்தால் பொருள் திரைக்கு இணையாகத்தான் நகரும், ஆழம் மாறாது. பக்கவாட்டில் திரும்பி ஆழத்தைச் சரிசெய்து, கேமராவுக்குத் திரும்பி ஓரத்தைப் பாருங்கள். மாறி மாறி இதைத்தான் செய்துகொண்டிருக்க வேண்டும்.

ஒரே போட்டோ ஆழத்தைச் சொல்லாது. முக்கால் பக்கப் படம் ஒன்றாவது தேவை. அதற்குத் தலையைத் திருப்பாதீர்கள், இரண்டாவது கேமராவைச் சேருங்கள். ஒன்றில் சிரிப்பு, இன்னொன்றில் இறுக்கம் என்று இருந்தால் இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போகாது. சிரிக்கும்போது கன்னம் ஏறிக் கீழிமையைத் தள்ளும், உதடு மெலிந்து பல்வரிசையோடு ஒட்டும். ஸ்டுடியோவில் வெளுப்பாக்கி மழமழவென்று தேய்த்துத் தந்த பாஸ்போர்ட் படத்தில் நிழலே இருக்காது, செதுக்க அது உதவாது.

ஆள் அடையாளம் தவறுவது பெரும்பாலும் கண்ணில்தான். 24 மி.மீ. விட்டத்தில் தனி உருண்டையை முதலிலேயே வைத்துவிட்டு, இமையை அதன்மேல் போர்த்துங்கள். இமை தாளைப் போல மெலிந்து முடியக் கூடாது, விளிம்புக்கு ஏறக்குறைய 2 மி.மீ. தடிமன் உண்டு. மேலிமை கருவிழியை 1, 2 மி.மீ. மறைக்கும். மறைக்காமல் மேலே வெள்ளை தெரிந்தால் முகம் திடுக்கிட்டதுபோல் ஆகிவிடும். மேலிருந்து பாருங்கள்: வெளிக்கடை உள்கடையைவிட நன்றாகப் பின்தள்ளி இருக்க வேண்டும். முன்பக்கத் தோற்றத்திலேயே வேலை செய்பவர்கள் இரண்டையும் ஒரே தட்டையில் வைத்துவிடுவார்கள், கண் சுவரில் ஒட்டிய ஸ்டிக்கர்போல் இருக்கும். வாய்க்கும் இதே கதை. உதடு பல்வளைவின் மேல் படிந்திருப்பதால் கடைவாய் பின்னால் போகும்.

பெரிய வடிவங்கள் அமைந்ததும், ஒரு பக்கம் செய்ததை மறுபக்கமும் செய்யும் சிமெட்ரியை அணைத்துவிடுங்கள். யாருக்கும் இரண்டு கண்ணும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை, மூக்கும் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். கடைசிவரை சிமெட்ரியோடு செய்த முகம் அழகாக இருக்கலாம், அந்த ஆளாக இருக்காது.

விளக்கில்லாமலே பொருளுக்குப் போலி வெளிச்சம் காட்டும் மேட்கேப்பை நம்பாதீர்கள். போட்டோவில் கண்மணியில் மின்னும் வெளிச்சப் புள்ளி எங்கே, மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து அதே இடத்தில் ஒரு விளக்கை வையுங்கள். அப்போதுதான் நிழலோடு நிழல் ஒப்பிட முடியும். கண்ணுக்குக் கீழுள்ள கருவளையத்தைக் குழி என்று தோண்டிவிடுபவர்கள் நிறைய. நிறம் வேறு, பள்ளம் வேறு. மாநிறம், கறுப்புத் தோலில் நிழலைவிட மினுக்கம்தான் வடிவத்தைச் சொல்லும். நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கவனியுங்கள்.

தோல் துளைகள் கடைசி வேலை. ரீடோபாலஜி செய்து, அதாவது மெஷ்ஷை ஒழுங்கான பாலிகன்களாக மறுபடி அமைத்து, சுமார் 10,000 பாலிகன் கொண்ட மெஷ்ஷில் அதைப் படிப்படியாகப் பிரிக்கும் மல்டிரெஸ் போட்டால் ஒவ்வொரு படிக்கும் எண்ணிக்கை நான்கு மடங்கு. ஐந்தாம் படியில் 1 கோடியைத் தாண்டும், கணினி திணறினால் நான்கோடு நில்லுங்கள். ஒரே ஆல்ஃபாவை (பிரஷ் பதிக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தை) முகம் முழுக்க அடித்தால் சாத்துக்குடித் தோல்தான் வரும். மூக்கில் துளை வட்டமாக இருக்கும், கன்னத்தில் நீண்டு சாய்ந்திருக்கும், உதட்டில் துளைக்குப் பதில் நெடுக்குக் கோடுகள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. மொட்டைத் தலையை வைத்துக்கொண்டு 'ஆள் போல இல்லையே' என்று முடிவுகட்ட வேண்டாம். புருவம், மீசை, முடி மூன்றுக்கும் கறுப்பாகக் கட்டி கட்டியாகவாவது எதையாவது வைத்துவிட்டுப் பாருங்கள். செல்ஃபி என்றால் சில போன்கள் கண்ணாடிப் பிம்பமாகச் சேமிக்கும். மச்சமும் வகிடும் எந்தப் பக்கம் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.