பந்தயக் கார் ஓட்டியவர் தொலைக்காட்சிக்குப் போகலாமா?

கேள்வி: இருங்காட்டுக்கோட்டையில் சில ஆண்டுகள் கார் பந்தயங்களில் ஓட்டினேன். ஸ்பான்சர் கிடைக்காததால் விட்டுவிட்டேன். இப்போது தொலைக்காட்சியில் பந்தயச் செய்தியாளராக விரும்புகிறேன். அரிசி ஆலை நடத்தும் அப்பாவோ, "ஓட்டியே நிலைக்காதவன் பேசியா சம்பாதிக்கப் போகிறாய்?" என்கிறார். என்ன செய்வது?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: வருமானத்தைப் பற்றி உங்கள் தந்தை கவலைப்படுவது நியாயம். ஆனால் ஓட்டத்தில் நிலைக்காதவருக்குப் பேசும் தகுதி இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. நம் சென்னையின் கருண் சந்தோக் 2010, 2011 ஆண்டுகளில் ஃபார்முலா ஒன்றில் ஓட்டியவை 11 பந்தயங்களே. இன்று பிரிட்டனின் ஸ்கை ஸ்போர்ட்ஸில் பந்தயங்களை அலசி விளக்குபவர்களில் அவரும் ஒருவர். 158 பந்தயங்கள் ஓட்டியும் ஒன்றில்கூட வெல்லாத மார்ட்டின் பிரண்டில், 1997-இல் அந்நாட்டின் ஐடிவி தொலைக்காட்சியில் வர்ணனையாளரானார். கார்கள் அணிவகுத்து நிற்கும் தடத்தில் மைக்கோடு நடந்தபடியே அவர் எடுக்கும் பேட்டிகளுக்கென்றே ரசிகர்கள் உண்டு.

ஒரே வளைவில் ஓட்டுநர் ஸ்டீயரிங்கை இரண்டாம் முறையும் திருப்புவதைப் பார்த்தால், முன் டயர் பிடிப்பை இழந்துவிட்டது என்று உங்களுக்குப் புரியும். அதனால் பந்தயம் முடிந்ததும் எல்லோரையும் போல "எப்படி இருந்தது?" என்று கேட்காமல், "எந்தச் சுற்றில் முன் டயர் கைவிட்டது?" என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும். ஆனால் முன்னாள் ஓட்டுநர்கள் பலர், பதிலுக்குக் காத்திராமல் தங்கள் பழைய கதையைத் தொடங்கிவிடுகிறார்கள் (பார்ப்பவருக்கு அது பெரிய சோதனை). ஒரு காதில் தயாரிப்பாளர் அவசரப்படுத்த, எதிரில் நிற்பவரின் பேச்சைக் கவனித்து அதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பது தனிப் பயிற்சி. உங்களோடு ஓட்டிய நண்பரின் தவறைத் தவறு என்று சொல்லவும் துணிய வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

இந்தியாவில் இந்த வேலை ஆண்டு முழுவதும் கிடைக்காது. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் பந்தயம் நடக்கும் வார இறுதிகளே உங்களுக்கு வாய்ப்பு. ஆகவே ஆலையை விடாதீர்கள். தை, மாசியில் சம்பா நெல் குவியும்போது முழுமூச்சாக உடனிருந்தால், மற்ற மாதங்களில் சில சனி, ஞாயிறுகளைக் கேட்க உங்களுக்கு வாய் இருக்கும்; குறுவை அறுவடையோடு பந்தயம் மோதினால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதற்கிடையில் ஒரு பந்தயத்தின் திருப்புமுனையை ஒரு நிமிடத் தமிழில் பேசிப் பதிவு செய்து, ஆலைக் கணக்குப்பிள்ளைக்குப் போட்டுக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத இடத்தை மாற்றிப் பேசுங்கள். தொலைக்காட்சி நிலையத்துக்கு அனுப்பும்போது, நீங்கள் கார் ஓட்டிய காட்சிகளை விட்டுவிட்டு, வேறொரு ஓட்டுநரை நீங்கள் எடுத்த பேட்டியை முதலில் வையுங்கள்.