பத்மினி கார்புரேட்டர் ஸ்பிரிங்: அளவை எடுத்துக்கொண்டு தேடுங்கள்

வணக்கம் நண்பரே. உங்கள் 1986 பிரீமியர் பத்மினி காரில், பெடலை விட்டதும் கார்புரேட்டரின் த்ராட்டிலை (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) மூடும் லிங்கேஜ் ஸ்பிரிங்கின் கொக்கி முறிந்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வேகம் இறங்கவில்லை, காட்பாடிக் கடைகளில் ஸ்பிரிங் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து புது ஸ்பிரிங் மாட்டும்வரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள். ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டவே வேண்டாம். எஞ்சின் சூட்டில் அது அறுந்தால் த்ராட்டில் திறந்தபடியே நின்றுவிடும்.

பத்மினி ஸ்பிரிங் என்று பெயர் சொல்லிக் கேட்டால் கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் அது சாதாரண இழுவை ஸ்பிரிங். அளவும் விசையும் பொருந்தினால் போதும். முறிந்த துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கம்பியின் தடிமன், சுருளின் வெளிவிட்டம் இரண்டையும் வெர்னியர் அளவுகோலில் எடுங்கள், சுற்றுகளை எண்ணுங்கள். கொக்கிகள் இரண்டும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா, குறுக்காக இருக்கின்றனவா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தடிமனில் மட்டும் சமரசம் வேண்டாம். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, கம்பி 10 சதவீதம் தடித்தால் விறைப்பு சுமார் 46 சதவீதம் ஏறிவிடும். பெடல் கனக்கும், த்ராட்டில் ஷாஃப்டும் (த்ராட்டில் சுழலும் அச்சு) சீக்கிரம் தேயும்.

இந்த அளவுகளோடு ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் ஸ்பிரிங் சுற்றித் தருபவர்கள் உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் ரயிலேறிச் சென்னை போய்விடுங்கள், வாகன உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டை அல்லது ஜி.பி. ரோடு. கிடைத்தால் இரண்டாக வாங்குங்கள்.

அப்புறம், மாட்டும் முன் லிங்கேஜைக் கழற்றிவிட்டு த்ராட்டில் ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் புது ஸ்பிரிங் மட்டும் போதாது, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தே ஆகவேண்டும்.