கிறிஸ்துமஸ் கேக்டஸ்: மண்ணை மாற்றும் முன் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. டிசம்பரில் கொளத்தூரில் ஒரு நர்சரியில் பூத்திருந்த கிறிஸ்துமஸ் கேக்டஸ் வாங்கினேன். பூ கொட்டியதிலிருந்து தண்டுகள் துவண்டு சுருங்கிக்கொண்டே போகின்றன. செம்மண், மணல், தொழுஉரம் கலந்து பெரிய தொட்டிக்கு மாற்றச் சொல்கிறார் நர்சரிக்காரர். இன்னொரு கடையில் ‘கேக்டஸ் மிக்ஸ்’ பாக்கெட் இருக்கிறது. எது நல்லது? 12 அங்குலத் தொட்டி வாங்கி வைத்துவிட்டேன். வீணாகக் கூடாதென்று ஆர்.ஓ. மெஷினில் கழியும் தண்ணீரைத்தான் தினமும் ஊற்றுகிறேன்.
— ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: சகோதரி, இரண்டுமே வேண்டாம். எந்த மண் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது நீங்கள் கடைசியில் போகிற போக்கில் சொன்ன ஆர்.ஓ. கழிவுநீர். அதை இன்றே நிறுத்துங்கள். குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பையெல்லாம் மெஷின் அந்தக் குழாய் வழியாகத்தான் தள்ளுகிறது. போர் தண்ணீரே உப்பாக இருக்கும் வீட்டில் கழிவுநீர் இன்னும் மோசம். அதை வைத்து வீடு துடையுங்கள், வாசல் கழுவுங்கள். தொட்டியில் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கும். உப்பு ஏறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது.

முதலில் செடியைத் தொட்டியிலிருந்து உருவி வேரைப் பாருங்கள். வெளிர் நிறத்தில் விறைப்பாக இருந்தால் பயமில்லை. பழுப்பேறி, விரலால் இழுத்ததும் தோல் மட்டும் கையோடு வந்தால் அழுகல். அழுகியதைச் சுத்தமான கத்தரியால் வெட்டி, செடியை ஒருநாள் நிழலில் உலரவிட்டு அப்புறம் நடுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று, நன்றாக இருக்கும் தண்டில் இரண்டு மூன்று கணுக்களை மெல்லத் திருகி எடுத்து, ஓரிரு நாள் காயவைத்துத் தனியாக ஊன்றிவிடுங்கள். தாய்ச்செடி போனாலும் இது பிழைக்கும்.

இனி மண். இந்தச் செடிக்குச் சொந்த ஊர் பிரேசிலில் ரியோ டி ஜெனிரோ பக்கத்து மலைக்காடு. மரக்கிளை இடுக்கிலும் பாறை வெடிப்பிலும் சேரும் சருகிலும் பாசியிலும் வேர்விட்டு வாழ்வது. வேருக்கு ஈரமும் காற்றும் ஒருசேர வேண்டும். செம்மண் தொட்டியில் நாளடைவில் இறுகிவிடும். ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் சரி என்பதால் எல்லாச் செடிக்கும் அதையே சொல்கிறார்கள். கேக்டஸ் மிக்ஸ் பாலைவனக் கள்ளிகளுக்கானது, பெரும்பாலும் மணல். அதிலும் சலிக்காத எம்-சாண்ட் போட்டிருந்தால் தூசி அடியில் படிந்து சிமெண்ட்டாகிவிடும்.

மொட்டை மாடியில் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் வைப்பதற்கும் சாதாரணத் தொட்டிக் கலவைக்கும் நடுவே ஒன்று உங்களுக்கு வேண்டும். கழுவிய தென்னைநார்த் தூள் இரண்டு மக், தேங்காய் மட்டைத் துண்டு ஒரு மக், பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) ஒரு மக், கொண்டைக்கடலை அளவுக்கு உடைத்த மரக்கரி அரை மக், சலித்த இலைமக்கு அரை மக். பெர்லைட் கிடைக்காவிட்டால் செங்கல்லைச் சிறிதாக உடைத்துத் தூசியைக் கழுவிப் போடுங்கள். இஸ்திரிக் கடையில் வாங்கும் மரக்கரியே போதும்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம், ‘கழுவிய’ என்ற நிபந்தனை. மாடித்தோட்டச் செடிகள் காரணம் தெரியாமல் கருகும் பல வீடுகளில் நான் பார்ப்பது கழுவாத நார்த்தூளைத்தான். தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியம், சோடியம், குளோரைடு உண்டு. உப்பங்கழியில் ஊறவைத்த மட்டை என்றால் இன்னும் கூடுதல். ‘வாஷ்டு’ என்று பாக்கெட்டில் அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். கிலோ கணக்கில் ஈரமாக விற்கும் ரெடிமேட் கலவையில் நீங்கள் காசு கொடுப்பது பாதி தண்ணீருக்கு. மீதி, கழுவாத தூளில் ஒரு கைப்பிடி மண்புழு உரம். காய்ந்த கட்டியாக வாங்கி நீங்களே கழுவுங்கள்.

கட்டியை ஊறவைத்து, பழைய வேட்டியில் கொட்டிப் பிழியுங்கள். டிகாஷன் மாதிரி வரும் சாயம் வெளுத்தால் உப்பு போய்விட்டதென்று பலர் நினைக்கிறார்கள். சாயம் வேறு, உப்பு வேறு. ஆர்.ஓ. சர்வீஸ்காரர் கொண்டுவரும், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். பேனா ஒன்று வாங்குங்கள். ஊற்றும் தண்ணீரில் ஒருமுறை, பிழிந்து வந்த தண்ணீரில் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகும்வரை அலசுவதை விடாதீர்கள். தூளில் ஒட்டியிருக்கும் சோடியம் வெறும் தண்ணீருக்கு முழுதாக அசையாது. லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஓர் இரவு ஊறவைத்தால் கால்சியம் அதன் இடத்தைப் பிடித்து அதை வெளியே தள்ளும். காலையில் மறுபடி அலசுங்கள். மட்டைத் துண்டுக்கும் இதே வேலைதான். அலசுவதற்கு மெட்ரோ தண்ணீர் அல்லது பிடித்துவைத்த மழைநீரை எடுங்கள். போர் தண்ணீரில் அலசினால் பட்ட பாடு வீண்.

12 அங்குலத் தொட்டியைக் கறிவேப்பிலைக்கு வையுங்கள். இந்தச் செடிக்கு வேர் நெருக்கம் பிடிக்கும். இப்போதுள்ளதைவிட ஓர் அங்குலம் அகலமானது போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத இடத்தில் தங்கும் ஈரம்தான் அழுகலைக் கொண்டுவரும். கலவையை அழுத்தாமல், தொட்டியைத் தட்டித் தட்டி நிரப்புங்கள். இப்போது பிப்ரவரி, மாற்ற நல்ல நேரம். கத்திரி வெயிலுக்குள் வேர் ஊன்றிவிடும். காலை வெளிச்சம் படும் கிழக்கு பால்கனியில், நேர் வெயில் படாமல் வையுங்கள்.

மாற்றி மூன்று நாள் கழித்து முதல் தண்ணீர். பிறகு மேல் ஓர் அங்குலம் காய்ந்தால் மட்டும், அடித்துளையில் ஒழுகும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். புதுத் துளிர் வரும்வரை எந்த உரமும் வேண்டாம். கடைக்காரர் ‘பூ டானிக்’ நீட்டினால் வாங்காதீர்கள். மொட்டு வைக்க இதற்கு வேண்டியது நீண்ட இருட்டும் குளிர்ந்த இரவும். அக்டோபரிலிருந்து இரவில் டியூப்லைட் படாத இடத்தில் வையுங்கள்.