கல்யாணக் கேக்கில் நிஜப் பூ வைக்கலாமா?

வைக்கலாம். 2018-இல் இளவரசர் ஹாரி, மேகன் திருமணக் கேக்கிலும் நிஜப் பூக்கள்தான் இருந்தன. ஆனால் கேக்குக்கு ஏற்ற பூ என்றால், பூவும் நஞ்சாக இருக்கக் கூடாது, அதன் மேல் பூச்சிமருந்தும் இருக்கக் கூடாது. வீட்டில் மருந்தடிக்காமல் வளர்த்த ரோஜா சரி. அரளி வேண்டவே வேண்டாம். கடை ரோஜா பார்வைக்காக வளர்த்தது, பெரும்பாலும் மருந்து பட்டிருக்கும்.

வெட்டிய காம்பை நேராக க்ரீமில் செருகினால் சாறு கசியும். தயிர்சாதத்து ஓரத்தில் வைத்த ஊறுகாய் சுற்றிலும் சிவப்பாக ஊறுமே, அதே மாதிரிதான். அதனால் ரோஜாக் காம்பையும் டேப் சுற்றி, சிறு ஸ்ட்ராவுக்குள் விட்டுச் செருகுங்கள்.

"சாப்பிடும் முன் பூவை எடுத்துவிடுவோமே" என்று பலர் நினைக்கிறார்கள். பூவை எடுத்தாலும் க்ரீமில் இறங்கிய சாறு அங்கேயேதான் இருக்கும்.