ஓர் இடத்துக்கென்றே சிற்பம் திட்டமிடுவதை டெல்டாவில் இருந்தபடி கற்க முடியுமா?

கேட்டவர் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் சிற்பம் படித்து முடிக்கப் போகிறவர். முதுகலைக்கு வெளிமாநிலம் போனால்தான் இடம் சார்ந்த சிற்பம் பழக முடியுமா, இங்கிருந்தே தொடங்கலாமா என்பது கேள்வி.

நானும் டெல்டாவிலிருந்து சிற்பம் படிக்க வெளியே போனவன். பரோடாவிலோ சாந்திநிகேதனிலோ உள்ள பேர்பெற்ற கலைப் பள்ளிகளில் இடம் கிடைத்தால் தாராளமாகப் போங்கள். பெரிய பட்டறை, வெல்டிங், வார்ப்பு உலை, ராத்திரி வரை சக மாணவர்களோடு வாக்குவாதம் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் ஓர் இடத்தைப் பார்த்துப் படிக்கும் பழக்கம் பட்டறையில் வராது. அதை இங்கேயே, இந்தக் கோடையிலேயே தொடங்கலாம்.

முதலில் பொருளைப் பாருங்கள். டெல்டாவில் கல் கிடையாது. பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. நம்மிடம் இருப்பது வண்டல், களிமண், மணல், மூங்கில், வைக்கோல், சூளைச் செங்கல். சுவாமிமலையில் சிலையை முதலில் மெழுகில் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். அந்த மெழுகு உருவத்தின் மேல் முதலில் பூசுவது காவிரியின் மெல்லிய வண்டலைத்தான். நகைக் கோடு வரை அது பிடித்துக்கொள்ளும். அங்கே கன வார்ப்பில் (உள்ளே கூடு விடாமல் முழுக்க உலோகமாக வார்ப்பதில்) ஒரு கிலோ மெழுகுக்கு ஏறக்குறைய ஒன்பது கிலோ உலோகம் பிடிக்கும். ஆளுயர வெண்கலம் என்று முன்மொழிவில் எழுதுமுன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள், பாதி ஆசை அடங்கிவிடும். சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938-ல் சாந்திநிகேதனில் சந்தால் குடும்பம் சிற்பத்தைச் செய்தபோது சிமென்ட்டோடு அந்தப் பக்கத்துச் செம்புறாங்கல் சரளையைக் கலந்து திறந்தவெளியிலேயே எழுப்பினார். சிலையின் தோலில் அந்த ஊர்த் தரையே தெரியும். நம் பக்கம் அதற்கு ஈடானது எது? என் ஓட்டு சுட்ட மண்ணுக்கு. அய்யனார் கோயில் மண் குதிரை செய்கிற வேளார் (குயவர்) வீடுகளில் கொஞ்ச நாள் கூடமாட வேலை பாருங்கள். உள்ளே கூடாக விட்டு, வெடிக்காமல் சுட்டு, இவ்வளவு உயரத்தை எப்படி நிற்க வைக்கிறார்கள் என்பதை எந்த முதுகலையிலும் அவ்வளவு தெளிவாகக் காட்ட மாட்டார்கள்.

அப்புறம் வெயில். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நம் அட்சரேகை ஏறக்குறைய 11 டிகிரி வடக்கு. சித்திரை முதல் வாரம் வாக்கில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அதிலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சிப் பொழுதில் அது நமக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. சோழர் கோயிலில் வடக்குச் சுவரின் கோட்டத்தில் (மாடத்தில்) இருக்கும் துர்க்கை மேல் ஆனியில் நண்பகல் வெயில் மேலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கும். மார்கழியில் அதே சிலை நாள் முழுக்க நிழலில் இருக்கும். தெற்கே தட்சிணாமூர்த்திக்கு இது தலைகீழ். (முன்னால் தகரக் கொட்டகை போட்டுவிட்ட கோயில்களில் இதைப் பார்க்க வழியில்லை.) ஆகவே ஒரே சிலையை ஆனியிலும் மார்கழியிலும் வரைந்து பாருங்கள். எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும், புருவத்தின் நிழல் கண்ணை மூடுமா என்பதெல்லாம் அந்த இரண்டு படத்திலேயே தெரிந்துவிடும்.

கோயில்களில் உயரத்தையும் கவனியுங்கள். தாராசுரத்தில் நாயன்மார் கதைகள் அடித்தளத்தை ஒட்டிச் சின்னச் சின்னதாக இருக்கின்றன. நின்றபடி பார்த்தால் பிடிபடாது, குனிந்து, சுற்றி நடந்துதான் படிக்க வேண்டும். கொள்ளிடம் தாண்டி கங்கைகொண்ட சோழபுரத்தில், வடக்கு வாசல் படி ஓரத்தில் சிவன் சண்டேசருக்குப் பூ சூட்டும் சிற்பம் இருக்கிறது. சண்டேசர் சன்னதி இருப்பதும் அந்த வடக்குப் பக்கத்தில்தான். அங்கிருந்து பெயர்த்து மியூசியத்தில் வைத்தால் அழகு குறையாது, பேச்சு பாதியாகிவிடும்.

மண்ணும் நீரும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெல்டாக் களிமண் கோடையில் சுருங்கி வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊதும். அஸ்திவாரம் மேலோட்டமாக இருந்தால் சிலை சாயும், ஒரு சிவில் இன்ஜினியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன் மணலாகக் கிடக்கும் ஆறு ஆடிப்பெருக்கில் படித்துறையைத் தொடும், எனவே படித்துறை வேலைக்கு இரண்டு மட்டமும் வேண்டும். கடலோரம் என்றால் துருப்பிடிக்காத எஃகில் 316 தரத்தை எடுங்கள், 304 உப்புக் காற்றில் கறை பிடிக்கும். காற்றைப் பற்றி 2018 நவம்பரில் கஜா புயலைப் பார்த்த வேதாரண்யத்துக்காரர்கள் சொல்வார்கள்.

திட்டத்தை மேசை மாதிரியோடு நிறுத்தாதீர்கள். மூங்கிலும் சாக்கும் வைத்து முழு அளவில் ஓர் உருவரையை அந்த இடத்திலேயே கட்டி, சில நாள் விடுங்கள். நெல் காயப்போடுகிறவர்கள், ஆடு ஓட்டுகிறவர்கள், குளிக்க வரும் பெண்கள் எந்தப் பக்கம் விலகி நடக்கிறார்கள் என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் 120 அடி நீள எஃகுச் சுவர் 1981-ல் நியூயார்க்கில் ஓர் அரசு அலுவலகச் சதுக்கத்துக்கென்றே செய்யப்பட்டது. தினமும் அதைச் சுற்றிப் போக வேண்டியிருந்த ஊழியர்கள் பலர் எதிர்த்தார்கள். இடம் மாற்றினால் சிற்பமே அழிந்ததாகும் என்று செர்ரா வாதாடியும் 1989-ல் அகற்றிவிட்டார்கள். எனக்கு அந்தச் சிற்பம் பிடிக்கும். ஆனாலும் ஊழியர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். முதுகலை நேர்காணலுக்கும் இந்த மூங்கில் வேலையின் படங்களையும் குறிப்பேட்டையும் எடுத்துப் போங்கள், தெர்மாகோல் மாதிரியை விட்டுவிடுங்கள்.

அனுமதி விஷயம் ஒன்று. ஆற்றங்கரை என்றால் நீர்வளத்துறை, கோயில் நிலம் என்றால் அறநிலையத்துறை. தொல்லியல் துறை காக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்குள் என்றால் அனுமதி வாங்க வேண்டும். தாராசுரமும் பெரிய கோயிலும் இதில் வரும். முதல் வேலையைச் சொந்தக்காரர் யாருடைய கொல்லையிலாவது வைத்துக்கொள்வது உத்தமம்.