வழுக்கையாற்றை அண்டிய சிறு ஊர் ஒன்று வெள்ளத்தைக் குறைக்க எப்படித் திட்டமிடலாம்?

கேள்வி கேட்டவரின் ஊர் வழுக்கையாற்றுக்கு அருகில் உள்ள சிறிய குடியிருப்பு. கார்த்திகை பிறந்தால் ஒழுங்கைகளில் முழங்காலளவு தண்ணீர் நிற்கிறது. ஆற்றை ஆழமாக வெட்டித் தரும்படி ஊரவர் மனு எழுதப்போகிறார்கள். அது போதுமா என்று கேட்கிறார். நானும் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் அதே ஆற்றுப் பக்கம் குடியிருப்பவன். எங்கள் சனசமூக நிலையத்தின் ஊடாக இந்த வேலையில் நின்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

போதாது. அந்த மனு முதலில் போகவும் கூடாது. உங்கள் ஊரில் நிற்கும் தண்ணீர் எங்கே விழுந்தது, எந்த வழியால் வந்தது, எதில் தடைப்பட்டது என்பது தெரியாமல் எதை வெட்டக் கேட்பீர்கள்?

வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும் ஆறு, சுமார் 16 கிலோமீற்றர். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டைப் பக்கமாக இறங்கி, அராலியில் கடல்நீரேரியோடு சேர்கிறது. வழி நெடுகக் குளங்களும் வயல்வெளிகளும் அதோடு தொடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தொடுப்பு எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் திட்டத்தின் பாதி வேலை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஒரு இலட்சம் கனமீற்றர். நான்கு ஏக்கர் குளம் ஒன்றை ஒரு மீற்றர் ஆழமாகத் தூர் வாரினால் கூடுதலாகக் கொள்ளுவது 16,000 கனமீற்றர் அளவு. நூறு ஏக்கர் வயலில் வரம்புக்குள் 15 சென்றிமீற்றர் தண்ணீர் நின்றாலோ 60,000 கனமீற்றர். குளம் வெட்டுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். வெள்ளத்தை அதைவிட அதிகமாகத் தாங்கிக்கொண்டிருப்பது வயல்வெளி. ஒரு பரப்பு வயலை மண் போட்டு மூடி வீடு கட்டும்போது, அது தாங்கிய தண்ணீர் பக்கத்து வளவுக்குள் போகிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியில்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. இதைக் கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் கேளுங்கள். உறவினர் காணியாக இருந்தாலும் கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை இதைவிட அவசரமான வேலை வேறில்லை.

குளமும் வயலும் முன்னமே நிரம்பிக் கிடக்கும்போது புயல் வந்தால் இந்தக் கணக்கு முழுதாகச் செல்லாது என்பதும் உண்மை. அதனால்தான் தடைகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

தடைகள் பெரும்பாலும் சின்னவை, கண் முன்னே இருப்பவை. எங்கள் பக்கத்து ஒழுங்கை ஒன்றின் மதகில், அதாவது பாதைக்குக் கீழே தண்ணீர் போகும் வழியில், இரண்டு ஹியூம் (கொங்கிரீட்) குழாய்கள். ஒன்று அரைவாசிக்கு மேல் மண்ணால் அடைபட்டிருந்தது. மற்றதன் வாயில் குறுக்கே ஒரு தண்ணீர்க் குழாய் போயிருந்தது. அதில் பிளாஸ்ரிக் போத்தலும் பனங்கங்குமட்டையும் சிக்கி, அவற்றின் மேல் புல் முளைத்திருந்தது. மேலே நடந்து போகிற எவருக்கும் அது தெரியாது. கீழே இறங்கிக் குனிந்து பார்க்க வேண்டும். இதோடு, வீட்டு வாசலுக்கு வாகனம் ஏற்ற வாய்க்காலின் மேல் போட்ட கொங்கிரீட் தட்டுகளையும் பாருங்கள். அவற்றின் கீழ் வைக்கும் குழாய் பல இடங்களில் வாய்க்காலின் கால்வாசி அகலம்கூட இல்லை.

மதிலும் அப்படித்தான். கிடுகு வேலியும் கிளுவை வேலியும் தண்ணீரை மறித்ததில்லை. சீமெந்து மதில் மறிக்கிறது. மதிலை இடிக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது, தேவையுமில்லை. பள்ளப்பக்க அடியில் வரிசையாகத் துளை விட்டால் போதும். வீதிகளோ ஒவ்வொரு முறை தார்க் காப்பெற் போடும்போதும் உயர்கின்றன. இருபக்க வளவுகளும் கிண்ணமாகிவிடுகின்றன. அடுத்த முறை வீதி வேலை தொடங்கும் முன்பே போய், பழைய மட்டத்தைச் சுரண்டிவிட்டுப் போடும்படியும், மதகை அகலமாக்கும்படியும் கேட்க வேண்டும். போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

வரைபடம் வரைய எந்திரி வரும்வரை காத்திருக்க வேண்டாம். நில அளவைத் திணைக்களத்தின் படத்தைப் பெரிதாக எடுத்துச் சனசமூக நிலையச் சுவரில் ஒட்டுங்கள். 2008 நிஷா, 2020 புரெவி, 2024 ஃபெங்கல் ஆகிய புயல்களின்போது தண்ணீர் எதுவரை ஏறியது என்று வீடு வீடாகக் கேட்டுக் குறியுங்கள். சுவரில் காவி நிறக் கறை இருந்தால் அதன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிந்த குழாயில் தண்ணீர் விட்டு, ஒழுங்கை, மதகு, குளத்தின் வான் (மிகைநீர் வழியும் இடம்) எல்லாவற்றின் உயரத்தையும் ஒப்பிடலாம். ஊரின் வயதான கமக்காரர்களைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். இப்போது மதில் நிற்கிற இடத்தில் முன்பு வாய்க்கால் ஓடியது அவர்களுக்குத் தெரியும். காணி உறுதிகளிலும் பழைய அளவைப் படங்களிலும் அதற்குச் சான்று கிடைக்கக்கூடும்.

துப்பரவு வேலையைக் கீழிருந்து மேலே செய்யுங்கள். மேல்மதகை முதலில் திறந்தால் உங்கள் தண்ணீர் கீழூரின் குசினிக்குள் போகும். பிறகு அந்த ஊரோடு ஆயுட்பகை. அராலியில் உவர்நீரைத் தடுக்கும் அணை இருக்கிறது. அதன் கதவுகளை எப்போது திறப்பது என்பதில் வயல்காரருக்கு ஒரு விருப்பம், பள்ளத்தில் குடியிருப்பவருக்கு இன்னொரு விருப்பம். இதை மழைக்கு முன்பே பேசி எழுத்தில் வைக்க வேண்டும்.

எல்லாத் தண்ணீரையும் கடலுக்கு ஓட்டிவிட நினைக்கவும் வேண்டாம். நாம் குடிப்பது சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மாரி மழையைத்தான். ஆற்றை நேராக, ஆழமாக வெட்டினால் வெள்ளம் விரைவாக வடியும். சித்திரையில் கிணறும் விரைவாக வற்றும், கடற்கரைப் பக்கம் உவர் ஏறும். முதலில் குளத்திலும் வயலிலும் நிறுத்துங்கள், மிஞ்சியதை வடிய விடுங்கள்.

யாரிடம் போவது என்பதில்தான் ஊர்கள் களைத்துப்போகின்றன. சிறு குளங்களுக்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களம், ஒழுங்கை வாய்க்கால்களுக்குப் பிரதேச சபை, பெரிய வீதி மதகுகளுக்கு வீதிக்குரிய திணைக்களம், ஆற்றுக்கும் அணைக்கும் நீர்ப்பாசனத் திணைக்களம். ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பினால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். ஒவ்வொரு மதகுக்கும் படம், அளவு, உரிய அலுவலகம் என்று தனித்தனியாக எழுதி, பிரதியைக் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கும் கொடுங்கள். அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இடம் பெற வேண்டுமானால் ஆவணிக்குள் போய்ச் சேர வேண்டும். கைவேலையால் முடிகிற துப்பரவைச் சிரமதானமாகப் புரட்டாதிக்குள் முடித்துவிடலாம்.

இந்த மாரிக்கு எதுவும் முடியாவிட்டாலும் ஒரு பட்டியல் வேண்டும்: படுக்கையில் இருக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள், தாழ்ந்த வீடுகள், அவர்களை ஏற்றும் வாகனம் யாருடையது, எந்தப் பாடசாலைக்குப் போவது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கட்டும். வெள்ளம் வடிந்ததும் கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இடாமல் குடிக்காதீர்கள். மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள் இருக்கும் ஊர் நம்முடையது.

முதல் கூட்டத்துக்கு மேலூர், கீழூர்க் கமக்காரர் அமைப்புகளையும் அழையுங்கள். உங்கள் ஊரவர் மட்டும் கூடினால் மறுபடியும் ஆற்றை வெட்டக் கேட்கும் மனுவில்தான் வந்து நிற்பீர்கள்.